வெளி அடுக்கு

"அத எடு. கத்தரிய வையி," என்றார் கலீலுர் றஹ்மான்.

றுக்கியா பெரிய அலகைக் கையில் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். கட்டிலில் விரித்த செய்தித்தாளில் கத்தரி, திருப்புளி எல்லாம் ஒன்றாய் மடங்கும் அவருடைய மடக்குக் கத்தி துண்டு துண்டாகக் கிடந்தது. விருப்பமானதைக் கொடுங்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வட்டிலப்பம் கேட்பார் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். அவர் கேட்டதோ கத்தியைக் கழற்றி அடுக்கை மாற்ற வேண்டும் என்று. விரல்களில் பிடி இல்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் பூட்டினாள்.

சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்புக் கூடினாலும் பேசாத மனிதர், அடுக்கு மாறினால் பேசுவார். வெளி அடுக்கில் இருப்பது ஒரு பெருவிரலுக்கே திறக்கும். உள்ளே இருப்பதைத் தோண்டினால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து எழும்பும். கிண்ணியாத் துறையில் வள்ளத்து என்ஜின் திருத்துகிறவருக்குப் பெரிய அலகு வெளியே, வயர் சீவுவது அடுத்தது. கலியாணத்துக்கு முந்தியே அப்படித்தான்.

இப்போது கத்தரி வெளியே வரவேண்டுமாம். அடுத்தது சின்னத் திருப்புளி, தையல் மெஷின் ஆணிக்கு அளவானது. இரண்டும் இடக்கைக்குத் திறக்கிற பக்கத்தில். அவர் சோத்தாங்கைக்காரர். அந்த வீட்டில் இடக்கையால் தைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு விளங்காமல் இல்லை. கத்தரி வெளியே வந்தால் அவர் இனித் துறைக்குப் போகமாட்டார் என்று அவளே ஆணி முடுக்கிய மாதிரி ஆகிவிடும்.

"மருந்து மயக்கத்தில கதைக்கிறீங்க. பெரிய அலகு உள்ளுக்குப் போனா என்ஜின்ல சுத்தின கயிற எதால வெட்டுற?"

"பல்லால வெட்டுறன். நீ பூட்டு, புள்ள."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அவர் கண்ணயர்ந்ததும் அவள் பழைய அடுக்கிலேயே பூட்டி, இறுக்கி, அவர் கைக்குள் வைத்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு விழித்தவர் பெருவிரலை விளிம்பில் மெல்ல ஓட்டினார். பெரிய அலகில் விரல் நின்றது.

"நல்ல இறுக்கம்," என்றார்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை, யாசீன் ஓதும் பெண்களுக்கு நடுவில் அவள் இருந்தபோது அவளுடைய தம்பி பாயிஸ் திரைக்கு அப்பால் வந்து நின்றான். உடலைச் சுற்றும் கபன் துணி வெட்டக் கத்தரி வேண்டுமாம். உதவிக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருந்ததால் வீட்டுக் கத்தரி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் மடக்குக் கத்தியை எடுத்து, உள்ளே இருந்த கத்தரியை நகத்தால் தோண்டினாள். பெரிய அலகும் கூடவே எழும்பியது. இரண்டையும் மடக்கினாள். தையல் மெஷின் மேசையின் லாச்சியைத் திறந்து திருப்புளியை எடுத்தாள்.

"ஆக்கள் நிக்கிறாங்க, ராத்தா. பக்கத்து வீட்டில வாங்கிறன்."

"பொறு. இத மாத்திப் பூட்டோணும்."

பாயிஸ் திரையை விலக்கி வந்து, அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினான்.

அவள் முதல் ஆணியைக் கழற்றி அதில் வைத்தாள்.