துணி கட்டிய தோட்டம்

ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்து வரும் வழியில் முத்துராணி சட்டென்று நின்றுவிட்டாள். தலையில் இறந்த அப்பாவைக் குளிப்பாட்டக் கொண்டுபோகும் தண்ணீர்க்குடம். மேலே நாலு பேர் பிடித்திருந்த வேட்டி ஒரு பக்கமாக இழுபட்டது.

"ஏட்டி, நீர்மாலை நடுவழியில நிக்கக் கூடாது. நட!" என்று பின்னாலிருந்து அத்தை அதட்டினாள்.

எப்படி நடப்பாள்? வாய்க்கால் ஓரத்தில் பூதத்தானின் கத்தரித் தோட்டம். முகப்பில் நட்ட கம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைத் தாண்டி, காலிச் சாக்கோடு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார் அவளுடைய தாய்மாமன் பெருமாள்ராஜ். திசையன்விளையிலிருந்து வந்திருந்த அவர் தலையில்தான் சாவுக்கு வந்தவர்களின் சாப்பாட்டுப் பொறுப்பு விழுந்திருந்தது.

துணி அப்பா கட்டியது. சொரிமுத்து என்று கேட்டால் சீவலப்பேரியில் யோசிப்பார்கள். மருந்துக்காரன் என்றால்தான் தெரியும். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அடித்த மறுநாளே காயைப் பறித்து டவுனுக்கு ஏற்றிவிடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனுசன் ஒருநாள் சட்டம் போட்டார். மருந்து அடித்ததும் துணி கட்டுவார். டப்பாவில் போட்டிருக்கிற நாள் கழிந்ததும் அவரே வந்து அவிழ்ப்பார். அதுவரை ஒரு காயில் கை படக் கூடாது. சம்மதமில்லையா, வேறு ஆளைப் பார்த்துக்கொள். அம்மா பேச்சித்தாயின் சிவப்புச் சேலைகளெல்லாம் நாடா நாடாவாகக் கிழிந்தது இப்படித்தான்.

முதலில் மீறியது இதே பூதத்தான்தான். துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு மூட்டையை டவுன் பஸ்ஸில் ஏற்றினார். அப்பா பஸ்ஸுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூட்டை இறங்கும்வரை அசையவில்லை. அடேயப்பா, அன்றைக்கு விழுந்த ஏச்சு! அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. மருந்தடிக்க வேறு ஆள் கிடைக்காததால், முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி கட்ட மட்டும் விடுவார் பூதத்தான்.

விடியக்காலம் தூக்கத்திலேயே அப்பாவின் மூச்சு நின்றுபோனது. துணிக்கு இருந்த மரியாதையும் இன்றோடு போய்விடுமோ என்று முத்துராணி அந்தக் கம்பையே பார்த்தாள்.

"அந்தக் கைய எடும்வே!"

வேட்டியை மடித்துக் கட்டியபடி வரப்பில் ஓடிவந்தார் பூதத்தான்.

"என்ன அண்ணாச்சி, துட்டி வீட்டுச் சமையலுக்குத்தான கேக்கேன்? நல்லாக் கழுவிப் போட்டாப் போச்சி" என்றார் மாமா.

"மேல இருக்கதக் கழுவுவீரு. உள்ள எறங்குனத என்ன செய்வீரு? முந்தாநாள்தான் அடிச்சிருக்கு."

"கட்டுன ஆளே போய்ச் சேந்தாச்சி. இனும யாரு வந்து அவுக்கப்போறா?"

"நாள் கழியட்டும், நான் அவுக்கேன். மருந்தடிச்ச காய அவன் சாவுக்கு வந்த சனத்துக்கே போடணுமோ? பாடையில கெடக்கவன் எந்திரிச்சி வந்து என்னச் செவுட்டுல அடிப்பாம்வே!"

மாமாவுக்கு முகம் சுருங்கியது. "ஏட்டி முத்துராணி, நீயாவது சொல்லுட்டி."

"துணி கெட்டியிருக்குல்லா மாமா" என்றாள் அவள்.

ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் வார்த்தைதான். மாமா காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க வீட்டுக் கூரையில பூசணி காய்ச்சிக் கெடக்கு, கொல்லையில முருங்கை நிக்கி. மருந்தே காணாதது. வேணுங்கிறமட்டும் பறிச்சிக்கிடும்" என்றார் பூதத்தான். "அதையும் ஓடுத தண்ணியில தேய்ச்சிக் கழுவச் சொல்லும். இல்லேன்னா அதுக்கும் எந்திரிச்சிருவான்!"

வேட்டிக்கு அடியில் நின்ற பெண்கள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அதட்டிய அத்தையும் சிரித்தாள். முத்துராணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்பா ஜெயித்துவிட்டார், அதுவும் பூதத்தான் வாயாலேயே! குடத்தைச் சரிசெய்துகொண்டு கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவளைப்போல நடந்தாள்.

சாயங்காலம் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். கொட்டுச் சத்தத்தோடு பாடை வாய்க்கால் கரையில் ஏறியது. முன்னால் தோள் கொடுத்திருந்தவர் பூதத்தான்.

தோட்டத்துக்கு நேரே வந்ததும் பக்கத்தில் வந்தவரிடம் தோளை மாற்றிவிட்டு அவர் விலகினார். துணி காற்றில் நெகிழ்ந்திருந்தது. குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்துபோய்ப் பாடைக்குத் தோள் கொடுத்துக்கொண்டார்.