பால்கனிக்குக் கீழே தழைச்சத்து

என் அத்தானுக்கு மாடுகளைப் பார்ப்பது என்றால் உயிர். வளர்ப்பது, மேய்ப்பது, சினை பார்ப்பது போன்ற சில்லறை வேலைகளை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். பெருந்தன்மையான மனிதர்.

பண்ணை வீட்டைக் கட்டும்போதே மாடியில் அகலமாக ஒரு பால்கனி வைத்தார். அதற்கு நேர் கீழே நாற்பதடி நீளத்தில் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல், பார்வையை மறைக்காதபடி பால்கனியைவிட உயரத்தில் தகரக் கூரை போட்ட நிழல் கொட்டகை. அவ்வளவு பெரிய மேய்ச்சல் நிலத்தில் தண்ணீரும் நிழலும் அந்த ஒரே இடத்தில்தான். காரணம் எளிது. காலையில் காபி குடிக்கும்போது நூற்றெண்பது மாடுகளும் ஒரே பார்வையில் தெரியவேண்டும்.

காட்டை அழித்து கினியாப் புல் விதைத்த முதல் மூன்று வருடம் புல் இடுப்பளவு நின்றது. அத்தான் தன் கைராசியைப் பற்றி யார் கேட்டாலும் பேசினார், கேட்காவிட்டாலும் பேசினார். நான்காம் வருடத்திலிருந்து புல் இறங்கத் தொடங்கியது. எட்டாம் வருடம் கணுக்கால் உயரத்தில், காமாலை பிடித்தது மாதிரி மஞ்சளாகக் கிடந்தது.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள். "ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வாடி. அந்த மண் எடுக்குற குழாயையும் கொண்டுவா."

"என்னாச்சுக்கா?"

"புல்லு போச்சு. உங்க அத்தான் இதுவரைக்கும் விதை கம்பெனி, மழை, மாடுங்க, மாடு மேய்க்கிற விசில் அண்ணன்னு வரிசையா எல்லார் மேலயும் பழி போட்டு முடிச்சிட்டார். அடுத்து நான்தான் பாக்கி."

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அக்காவும் நான் படித்த அதே வேளாண்மைக் கல்லூரியில்தான் எனக்கு முன்னால் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் நல்ல வரன் வந்தது, படிப்பு நின்றது. 'பாவம், அக்கா' என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது. உதவிக்குப் போகிறோம் என்ற மிதப்போடுதான் பஸ் ஏறினேன். அந்த மிதப்பு எத்தனை நாள் தாங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தான் பால்கனியிலிருந்தே வரவேற்றார். "வாங்க சயின்டிஸ்ட் மேடம்! மண்ணுக்கு என்ன நோவுன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க!"

பக்கத்து நாற்காலியில் உர டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் எந்தப் படிப்பில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. விசிட்டிங் கார்டில் அப்படி அச்சாகியிருந்தது, அதனால் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். போன மாதம் அவர் சொல்லித்தான் நிலம் முழுக்க யூரியா தூவியிருந்தார்கள். கொளுத்தும் வெயிலில், நடுப்பகலில், லேசான ஈரத்தின் மேல். பிறகு ஒன்பது நாள் மழை எட்டிப்பார்க்கவில்லை. மூக்கை அறுக்கும் நெடி பண்ணை முழுக்கப் பரவியதாம்.

"மருந்து வேலை செய்யுதுன்னு வாசனையே காட்டிக்கொடுத்துச்சு," என்றார் டாக்டர்.

அந்த வாசனைதான் சார் உங்கள் யூரியாவிலிருந்த தழைச்சத்து, நைட்ரஜன், காற்றில் ஏறி ஊர்விட்டுப் போய்க்கொண்டிருந்தது, என்று நான் சொல்லவில்லை. வந்த முதல் நாளாயிற்றே.

மறுநாள் விசில் அண்ணனோடு நிலத்தில் இறங்கினேன். மாடுகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கோல் எடுக்கமாட்டார், அதட்டமாட்டார், எல்லாம் விசில்தான். நாற்பது இடங்களில் குழாயை இறக்கி மண் எடுத்தோம். போகிற வழியில் சாணத்தையும் எண்ணிக்கொண்டே போனேன். தொலைவான மூலையில் நூறு அடி நடந்தால் மூன்று இடத்தில் சாணம். தொட்டியை நெருங்க நெருங்கக் கால் வைக்க இடமில்லை.

"பகல் பூரா இங்கதான் மேடம் நிக்கும்," என்றார் விசில் அண்ணன். "வெயில்ல எங்க போகும்? மேயுறது அங்க, போடுறது இங்க."

"இதையெல்லாம் என்ன பண்றீங்க?"

"சார் காபி குடிக்க வர்றதுக்கு முன்னாடி பைப்பு போட்டு அடிச்சு விட்டுருவோம். இல்லேன்னா வாடை மேல ஏறுது. சாயங்காலம் இன்னொரு தடவை."

தண்ணீர் எங்கே போகிறது என்று வாய்க்காலோடு நடந்து பார்த்தேன். பின்பக்கக் குளத்துக்குப் போனது. குளம் பச்சை பெயின்ட் டப்பாவைத் திறந்துவைத்தது மாதிரி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மாடு தின்கிற தழைச்சத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. விழுந்த இடத்தில் மக்கினால் திரும்பப் புல்லாகும். என் அத்தானோ நிலம் முழுவதிலும் இருந்த சத்தை நூற்றெண்பது வாய்கள் மூலமாகச் சேகரித்து, தன் பால்கனிக்குக் கீழே கொட்டவைத்து, தினமும் இரண்டு வேளை சுத்தமாகக் கழுவிக் குளத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக, ஒரு நாள் விடாமல். இவ்வளவு ஒழுங்காக நடந்த வேலை அந்தப் பண்ணையில் வேறு எதுவும் இல்லை.

அவருக்குக் குளத்தைப் பற்றி அலாதிப் பெருமை வேறு. "பாத்தீங்களா, என்ன பசுமை! இந்தப் பண்ணையில புல்லு ஒண்ணுதான் ஒத்துழைக்கல." அதில் மீன் குஞ்சு விட்டிருந்தாராம். ஒரு காலையில் அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன. மீன் குஞ்சு கொடுத்தவன் ஏமாற்றிவிட்டதாகத் தீர்ப்பாயிற்று.

கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியால் மண்ணை வீட்டிலேயே பார்த்து, பதினோரு பக்கத்தில் அறிக்கை தயார் செய்தேன். வரைபடம், சிவப்பு வட்டம், பச்சை வட்டம், எல்லாம் உண்டு. அத்தான் அட்டையைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார்.

"படம் பிரமாதம். ஆனா தொட்டியை நகத்தணும்னு எழுதியிருக்கீங்களே. அப்ப பால்கனியை என்ன பண்றது?"

பால்கனியை நகர்த்த முடியாது என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது.

மனம் வெறுத்து சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே என் அறிக்கையின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள். காதிடுக்கில் பென்சில்.

"நாலாம் பக்கத்துல தப்பா எழுதியிருக்கடி," என்றாள்.

"என்னது?"

"வடக்கு மூலையில தழைச்சத்தே இல்லேன்னு போட்டிருக்க. இருக்கு. அங்க பழைய வேரும் சருகுமா மெத்தை மாதிரி கிடக்கு. சத்தெல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. சருகை மக்க வைக்கிற நுண்ணுயிருங்க மண்ணுல கிடைக்கிறதையும் தானே பிடிச்சு வச்சுக்குது, புல்லுக்கு விடுறதில்ல. நீ புல்லுக்குக் கிடைக்கிறதை மட்டும் அளந்துட்டு, மொத்தமே அவ்வளவுதான்னு எழுதிட்ட."

நான் அசடு வழிய நின்றேன். தப்புதான். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களை இதற்காகவே நான் திட்டுவேன்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சாமான் அறைக் கதவை உட்பக்கமாகச் சாத்தினாள். கதவின் பின்புறம் மேலிருந்து கீழே வரை பென்சில் கோடுகள். எட்டு வருடம், மாதா மாதம், ஐந்து இடங்களில் புல்லின் உயரம். பக்கத்திலேயே பெய்த மழை. தையல் டேப்பால் அளந்தாளாம்.

பிறகு துணி காயப்போடும் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கொடிக்கம்பிக்கு அடியில் இரண்டு பாத்தி முயல்மசால் படர்ந்திருந்தது. பயறு இனத்துத் தீவனச் செடி. ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். கடுகு கடுகாய் முடிச்சுகள். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள் அவை. அந்தப் பாத்தியை ஒட்டி நின்ற புல் மட்டும் கரும்பச்சையாக இருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி அவருகிட்ட காட்டினேன். 'களையை எதுக்கு வளக்குற'ன்னு கேட்டார்."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குக்கா என்னைக் கூப்பிட்ட?"

"நான் சொன்னா வீட்ல இருக்கிறவ ஏதோ சொல்றா. நீ சொன்னா சயின்டிஸ்ட் சொல்றாங்க. அதான் கூப்பிட்டேன்." சிரித்தாள். "இப்ப என்னடான்னா அதுவும் செல்லல."

அந்தச் சிரிப்பில் எனக்குக் கண் கூசியது. 'பாவம், அக்கா' என்று பதினான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த மிதப்பை அங்கேயே கொல்லைப் பாத்தியில் புதைத்தேன். தழைச்சத்துக்காவது ஆகட்டும்.

செவ்வாய்க்கிழமை அத்தான் கருத்தரங்குக்குக் கிளம்பினார். ஐந்து நாள். அவர் பேசவிருந்த தலைப்பு: 'நீடித்த பசுமை மேய்ச்சல்: என் அனுபவம்'. அக்கா அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, வாசலில் நின்று கையசைத்து, கார் வளைவில் மறைந்ததும் என்னைப் பார்த்தாள்.

"பூட்ஸ் போடு," என்றாள்.

தொட்டிக்கு வரும் வால்வை விசில் அண்ணன் மூடினார். டிராக்டர் டிரெய்லரில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஏறியது. நிழலுக்குப் பழைய தார்ப்பாயைச் சக்கரம் வைத்த சட்டத்தில் கட்டினோம். மாடுகள் மாற்றி மாற்றி மேய, மின்வேலிக் கம்பி இழுத்து நிலத்தை ஆறு பாகமாகப் பிரித்தோம். வடக்கு மூலையில் பட்டை பட்டையாக உழுது, சருகைக் கிளறிவிட்டு, முயல்மசால் விதைத்தோம். எட்டு வருடமாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த சாணம் முதல்முறையாக வண்டியேறி நிலத்துக்குத் திரும்பியது.

மாடுகள் ஒத்துழைத்தனவா என்றால், இல்லை. முதல் நாள் பத்து மணிக்கே நூற்றெண்பதும் ஊர்வலமாக வந்து, காலித் தொட்டியைச் சுற்றி நின்று, பால்கனியைப் பார்த்துக் கத்தின. முதலாளியிடம் முறையிடுவது மாதிரியே இருந்தது. விசில் அண்ணன் கன்னம் வலிக்க ஊதியும் பயனில்லை. கடைசியில் அக்கா தவிட்டு வாளியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மாடுகள் கொள்கையைக் கைவிட்டு அவள் பின்னால் போயின. மூன்றாம் நாள் வாளி தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அத்தான் ஒரு கேடயத்தோடும் ஆறு விருந்தாளிகளோடும் வந்து இறங்கினார். நேரே மாடிக்கு அழைத்துப்போய், இரண்டு கையையும் விரித்து, "பாருங்க!" என்றார்.

கீழே சுத்தமான சிமென்ட் தரையில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"மாடுங்க எங்க சார்?" என்று கேட்டார் விருந்தாளிகளில் ஒரு அம்மா. அவரும் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்.

அத்தானின் திறமையை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். ஒரு நொடிதான் திகைத்தார். "அதான் விஷயமே! பாத்தீங்களா, இங்க மாடே இல்ல!" என்றார். அதற்கு மேல் வார்த்தை வராமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்," என்றாள் அக்கா. "செருப்பு சரிப்படாது. எல்லாருக்கும் பூட்ஸ் எடுத்து வச்சிருக்கேன்."

நடந்தோம். அந்த அம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, அக்கா ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். அத்தான் பின்னால் வந்தார். தன் நிலத்தின் அந்த மூலையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது, "இதுவும் நம்மளுதா?" என்று விசில் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டதிலிருந்து தெரிந்தது.

விருந்தாளிகள் போனதும் வெடித்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டேங்க. மூணு வருஷமா கேட்டேன். நீங்க போனைப் பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்னீங்க. 'ம்'னா சரின்னுதானே அர்த்தம்?"

"நாளைக்கே வால்வைத் திறக்கச் சொல்றேன்!"

"சொல்லுங்க. ஆனா திறந்தா, பால்கனியில உக்காந்து நான் காபி குடிப்பேன். பைப்பு பிடிச்சு நீங்க கழுவுங்க."

குரல் உயரவில்லை. அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, அத்தானும் கேட்டதில்லை போலும். இரண்டு நாள் பால்கனியில் உட்கார்ந்து காக்கையைப் பார்த்தார். வால்வு திறக்கப்படவில்லை.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதல் மழைக்காலத்தில் வேலி ஓரிடத்தில் அறுந்து, பாதி முயல்மசாலை மாடுகள் முளையிலேயே தின்று தீர்த்தன. அக்கா மறுபடி விதைத்தாள். இரண்டாம் மழைக்காலத்தில் புல் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு இனி வராது. அது காடு பல காலம் மண்ணில் சேர்த்துவைத்திருந்த சொத்து, அத்தான் அதை மூன்றே வருடத்தில் கைராசி என்று சொல்லிச் செலவழித்துவிட்டார். குளம் மட்டும் மெல்லத் தெளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து, "பசுமை போச்சே," என்று அவர் வருத்தப்படுவதாகக் கேள்வி.

மற்றபடி அவர் நலம். சுழற்சி மேய்ச்சலுக்குத் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு முறையாக அறிவித்துவிட்டார். உர டாக்டர் இப்போது முயல்மசால் விதை விற்கிறார்.

போன மாதம் மாட்டுப்பண்ணைக்காரர்கள் சங்கத்திலிருந்து பேச அழைப்பு வந்தது. அத்தான் உறையைப் பிரித்தார். அழைப்பு அக்காவின் பெயருக்கு இருந்தது, அன்று கேள்வி மேல் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் கையெழுத்தோடு. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்கு மணி நேரப் பயணம், அத்தான்தான் ஓட்டினார்.

"பாதி வழியில, அந்த வேர் முடிச்சுல அப்படி என்னதான் இருக்குன்னு கேட்டார்டி," என்று அக்கா மறுநாள் போனில் சொன்னாள். "சொல்ல ஆரம்பிச்சேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சொன்னேன். முழுசாக் கேட்டார்."

"அத்தானா?"

"ஆமா. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு. போனை எடுக்க முடியல, பாவம்."