படுத்தபடி போகும் வழி

மெதெயீன் நகரத்தின் மலைச்சரிவில் எழும்பிக்கொண்டிருந்த நூலகத்தின் நடுப்படிக்கட்டில் ஒரு வாசிப்பு மேசை வசமாக மாட்டிக்கொண்டது. அங்கே படிக்கட்டை வைத்தவள், கட்டடத்தை வரைந்த யாமிலே. மேட்டுக் குடியிருப்புக்காரர்கள் பஸ்ஸுக்கு இறங்குகிற ஒரே வழி அதுதான். அதை அடைத்துக் கட்டினால் ஊர் வயிறெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அந்த மேட்டில் பிறந்தவள். ஆகவே கட்டடத்தை இரண்டாகப் பிளந்து, ஊரை நடுவில் நடக்கவிட்டாள். அந்த வரைபடத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தூக்கி வந்தவர்கள் திருப்பத்தில் மேசையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

"நிமித்திப் பிடிங்கப்பா, போயிரும்," என்றார் எலியேசர். குடியிருப்புச் சங்கத் தலைவர், வாய் ஓயாத மனிதர்.

மேசை செங்குத்தாக நின்றபடியே திருப்பத்தைத் தாண்டியது. சவப்பெட்டியைக் கண்டவர்போல எலியேசர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அந்த மேட்டுக்கு வண்டி ஏறாது. செத்தவர்களைத் தோளில்தான் இறக்க வேண்டும். நூலகம் வரும் முன் அங்கிருந்த பழைய சந்தில் ஒரு முடுக்கு இருந்தது. அங்கே பெட்டியை நிமிர்த்தாமல் திருப்ப முடியாது. யாமிலேயின் அப்பாவும் அப்படித்தான் போனார். பெட்டிக்குள் அவர் சரிந்து மோதிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. அம்மா ரொசால்பா அன்றிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்று: "என்னை நிக்க வச்சு அனுப்பிறாத, மகளே."

அந்த முடுக்கை ஒழிக்கத்தான் யாமிலே இந்த வேலையையே கேட்டு வாங்கினாள். வாங்கி, பிள்ளைகள் படிக்கும் அறை நீளமாக இருக்கட்டும் என்று ஒரு சுவரை இழுத்து, அதே முடுக்கைத் திரும்பவும் கட்டி வைத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேற்பார்வைப் பொறியாளர் லோந்தோன்யோவிடம் போய் நின்றாள்.

"அந்தச் சுவரை இடிக்கணும் சார். பாரம் தாங்குற சுவர் இல்ல."

"திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. படி விதிப்படிதானே இருக்கு? ஆள் தாராளமா போகலாமே."

"நடக்கிற ஆள் போகலாம். படுத்த ஆள் போக முடியாது."

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "நாம நூலகம் கட்டுறோமா, இடுகாடு கட்டுறோமா?"

"ஊருக்கு வழி கட்டுறோம். நூலகம் அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு."

"ஆள் தர மாட்டேன். நாளும் தள்ள மாட்டேன். விழா அன்னைக்குச் சுவர் அரைகுறையா நின்னா உங்க வேலை போயிரும்."

"இடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே சார்," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொன்விதே என்று எலியேசர் வீடுவீடாகச் சொன்னார். அந்த மேட்டுக்குப் படியும் குடிதண்ணீர்க் குழாயும் வந்தது கொன்விதேயால்தான். எல்லோரும் கூலியில்லாமல் வேலைக்கு வருவார்கள். ஒரே அண்டாவில் எல்லோருக்கும் கோழியும் கிழங்கும் போட்ட சங்கோச்சோ கொதிக்கும். வர முடியாதவர்கள் வாழைக்காயோ கிழங்கோ கொடுத்தனுப்புவார்கள்.

முதல் அடியை யாமிலேயே போட்டாள்.

"உன் சுவருன்னு மெதுவா அடிக்கிற மாதிரி இருக்கே?" என்று எலியேசர் சீண்டினார்.

"நீங்க அண்டாவைப் பாருங்கண்ணே. கோழியெல்லாம் உங்க தட்டுக்கே போகுதுன்னு பேச்சு."

மத்தியானத்துக்குள் சுவர் கீழே கிடந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் புதுச் சுவர் சாய்வாக எழும்பியது. பிள்ளைகளின் அறை சின்னதாகிவிட்டது. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

பூச்சு காய்ந்ததும் எலியேசர் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து போட்டார். "நான் படுக்கிறேன், தூக்கிப் பாருங்க."

"நீங்க வேண்டாம்ணே. தூக்குறவங்க செத்துருவாங்க." யாமிலே தானே ஏறிப் படுத்தாள். அவர் விடவில்லை, பனேலா வெல்லம் கரைத்த தண்ணீரை ஒரு குவளை நிறைய ஊற்றி அவள் வயிற்றின்மேல் வைத்தார்.

முன்னால் பிடித்தவர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு இறங்கினார்கள். திருப்பம் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுவர் அவள் தோளோரமாக, உரசாமல், மெல்ல விலகிப் போனது. குவளை தளும்பக்கூட இல்லை. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லையே என்று நினைத்ததும் கண் நிறைந்தது.

மேல்படியில் கம்பை ஊன்றி நின்று ரொசால்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போதும்," என்றாள். "இனி நான் தைரியமா சாகலாம்."

"அவசரப்படாதம்மா," என்றாள் யாமிலே, படுத்தபடியே. "இன்னும் பெயிண்ட் அடிக்கல."

ரொசால்பா ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, மகளின் வயிற்றிலிருந்த குவளையை எடுத்து முழுவதையும் குடித்தாள்.