மஞ்சள் தண்ணீரில் கழுவிய தடுக்கு

...தடுக்கு என்றுதானே நினைத்தாள், தும்பு நிறத்தில், சடைசடையாய், நாற்றம் பிடித்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீடு கழுவுகிற குணலட்சுமி அதை மட்டும் விட்டுவைப்பாளா, தம்பி கொண்டுவந்த பெட்டிக்குள் கைவிட்டு இழுத்தபோது உள்ளே கிடந்த குரங்குக்குட்டி விடாமல் பிடித்தது, விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றினாள், என்ன பிடி, சனியன்... கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து மஞ்சள் தண்ணீரில் அலசிப் பிழிந்தபோதுதான் உட்புறம் வழுக்கியது, திருப்பிப் பார்த்தாள், தோல். தோலின் நடுவில் ஒரு முலைக்காம்பு, கறுத்து, சப்பிச் சப்பிச் சுருங்கிப்போய். மீன்கூடச் சமைக்காத வீட்டில் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் இந்தத் தம்பி?

மீன் ஏற்றுமதி என்று தொடங்கினவன் ஜெயசுதன், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இவனுக்கு உண்மையிலேயே குரங்கில் வந்து முடிந்திருக்கிறது. சுமாத்திராக் காட்டு ஒராங்குட்டான், மனிதக்குரங்கு, பின்னேரம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விடும், யாரோ பணக்காரன் வளர்க்கப் போகிறான், அதுவரை மாட்டுக் கொட்டிலில் கிடக்கட்டும் என்று காலையில் இறக்கும்போது சொன்னான். தாய் எங்கே என்று கேட்டதற்கு, "காட்டை எரிச்சு எண்ணெய்ப் பனை நடுறாங்கள் அக்கா, எப்பிடியும் சாகிறதுதானே" என்றான். பனை நட்டு ஒரு காடு அழியுமா, பனை நிறைந்த கரவெட்டியில் பிறந்தவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினாள், ஏன் ஆட்டினாள்... புருஷன் செத்தபிறகு இந்த வீட்டுக்குக் கூரை போட்டவன் அவன். காய்ந்தும் காயாமலும் அந்தத் தாய்த் தோலைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். குட்டி பாய்ந்து முகத்தை வைத்தது, காம்பைத் தேடிச் சப்பியது, துப்பியது, புரட்டிப் புரட்டி மணந்து பார்த்தது, சவர்க்காரம், மஞ்சள், வேறொன்றும் இல்லை. கத்தத் தொடங்கியது. மனிதப் பிள்ளையின் கத்தல். பால் போத்தலைத் தட்டிவிட்டது, மத்தியானம் கத்தலும் நின்று கண் செருகியது, செத்தால் சாகட்டும், ஒரு வில்லங்கம் தீரும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே தூக்கினாள். நைற்றியை இறுக்கிப் பிடித்துக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது, பிறகு போத்தலை வாயில் வைத்ததும் குடித்தது. வெட்கங்கெட்டது, பெற்றவளை அதற்குள் மறந்துவிட்டதே என்று ஏசினாள், ஏசிக்கொண்டு முதுகைத் தடவினாள்.

ஜெயசுதன் வந்ததும், "உந்தக் குட்டியை வனசீவராசி ஆக்களிட்டைக் குடுத்துவிடுவம் தம்பி" என்றாள். சிரித்தான். "குடுத்தால் நான் மறியலுக்கை, கம்பி எண்ணவேணும். உது செத்தாலும் வாங்கிறவங்கள் விடமாட்டாங்கள், இன்னொண்டு கேப்பாங்கள், அங்கை இன்னொரு தாயைச் சுடுவாங்கள்." தவிடு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். பிறகு தோலைப் பார்த்தான். "கழுவிப்போட்டியே, விசரி? உது இல்லாமல் வழி முழுக்கக் கத்துமே. சரி, உன்ரை நைற்றியைக் கழட்டித் தா, உன்ரை மணத்துக்குச் சத்தம் போடாமல் கிடக்கும்."

குட்டியின் விரல்களைத் திரும்பவும் அவளே கழற்றினாள், இந்தமுறை சுலபமாய் வந்தது. உள்ளே போய் மாற்றி, சூடு ஆறாத நைற்றியைக் கொண்டுவந்து கொடுத்தாள். குட்டி அதைச் சுருட்டி அணைத்துக்கொண்டது, மூடி போட்டு ஆணி அடித்தபோதும் சத்தமில்லை, வான் வண்டி ஒழுங்கை முடக்கில் திரும்பியபோதும் சத்தமில்லை, கெட்டிக்காரி, நல்ல பிள்ளை... வாசல் படலையைச் சாத்தும்போதுதான் உறைத்தது, கடலில் கடற்படைக்காரன் வள்ளத்தை மறித்தால், அது கத்தினால்தானே அவனுக்குத் தெரியும்?