இடது கால் கோடு

மாமனாரின் மண்டைத் தோலில் ஊசிகளைக் குத்தும்போது என் கை நடுங்கவில்லை. நடுங்காது என்று நம்பித்தான் என்னை அந்த நாற்காலியில் உட்கார விட்டிருந்தார்கள்.

சொந்தக்காரர் அறுவை மேசையில் படுத்திருந்தால், நரம்பைக் கண்காணிக்கும் டெக்னீஷியன்கள் நாங்கள் இயந்திரத்தின் முன் உட்காரக் கூடாது. ஆனால் இந்த வேலை தெரிந்த இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். மாமாவின் முதுகுத்தண்டுக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இடது செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழ ஆரம்பித்திருந்தது.

"உன்னால முடியுமா?" என்று கேட்டார் அறுவை மருத்துவர். அவரை எல்லோரும் சீஃப் என்போம்.

"முடியும் சார். எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தோணறதில்ல."

பொய்யில்லை. சென்ற ஆண்டு என் மனைவி பேருந்து மோதி இறந்துபோனாள். அன்றிலிருந்து சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கு வருகிறேன். அழவில்லை. "கல்லுகூட வெயில்ல சுடும். நீ அதுவுமில்ல" என்று அத்தை, அதாவது அவள் அம்மா, ஒருமுறை முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் வார்டில் விசாரித்தார்.

"மாப்பிள்ளை, நீ அங்க என்னதான் பண்ணுவ?"

"மண்டையில லேசா கரண்ட் குடுத்துத் தட்டுவேன் மாமா. மூளையே 'காலை அசை'ன்னு சொல்லி அனுப்புற மாதிரி அது தண்டுவடம் வழியா இறங்கிக் கால் கட்டை விரல் வரைக்கும் போகும். அங்க தசை துடிச்சா, காலில குத்தி வெச்ச ஊசி வழியா எனக்குத் திரையில கோடா தெரியும்."

"அட, நம்ம பொழப்புதான்! மேல் மாடில பட்டனை அமுக்கிட்டுக் கீழ மணி அடிக்குதான்னு காது குடுக்கிறது. அடிக்கலைன்னா?"

"சீஃபை நிறுத்தச் சொல்லுவேன்."

"சொல்லிருவியா? நீதான் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்கியே."

"தட்டறப்ப நாக்கைக் கடிச்சுக்காம இருக்க உங்க வாயிலதான் துணிச்சுருள் வைக்கப்போறேன்."

அத்தை தலையைத் திருப்பாமல் சொன்னார். "அந்த நாக்கு போனாக்கூடப் போகட்டும். காலை மட்டும் காப்பாத்திக் குடு."

சீஃப் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. கட்டியை இழுக்கும்போது தண்டுவடம் காயப்பட்டால் மாமா எழுந்து நிற்க மாட்டார். பயந்து பாதியில் நிறுத்தினால் மீதி வளர்ந்து அதையே மெதுவாகச் செய்யும்.

மாமாவைக் கவிழ்த்துப் படுக்கவைத்துப் பச்சைத் துணி போர்த்தினார்கள். அதன்பின் அவர் என் திரையில் நான்கு கோடுகள். கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. கட்டி நடு முதுகில். கைக்குப் போகும் நரம்புகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடும். அதனால் கைக்கோடுகள் எனக்குச் சாட்சி. கையும் காலும் சேர்ந்து விழுந்தால் காரணம் மயக்க மருந்து. கால் மட்டும் விழுந்தால் தண்டுவடம்.

"தட்டு" என்பார் சீஃப், கத்தியை விலக்கிக்கொண்டு. "தட்டறேன்" என்பேன். துணிக்கடியில் உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கும். "நல்லா இருக்கு சார்."

அப்படியே காலை முழுவதும் போயிற்று. கட்டி துண்டு துண்டாக வந்தது. இடப்பக்கம் ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் மறைக்க, சீஃப் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

"தட்டு."

"தட்டறேன்."

கைகள் துடித்தன. வலது கால் கோட்டில் ஒரு சிறு மேடு. இடது காலில் ஒன்றுமே இல்லை. நேர்கோடு.

வாய் உலர்ந்துவிட்டது. காதுக்குள் இதயம் அடித்தது. மனசில் மட்டும் ஒன்றும் இல்லை. உடம்பு யாரிடமோ தனியாகச் செய்தி கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்ன, சொல்லு" என்றார் சீஃப். "ஒரே இழுப்பு, முடிஞ்சிரும்."

"நிறுத்துங்க சார்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. மயக்க மருந்து கொடுக்கும் பெண் மருத்துவர் தன் திரையிலிருந்து நிமிர்ந்தார். "இதை நீ டெக்னீஷியனா சொல்றியா, மருமகனா சொல்றியா?"

குத்தலில்லை. அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கும்தான்.

"தெரியல மேடம். கை வருது. கால் வரல."

"கை வருதுன்னா மருந்து இல்ல" என்று அவரே சொல்லி, தண்டுவடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போக ரத்த அழுத்தத்தை ஏற்றத் தொடங்கினார்.

"கால் ஊசி கழண்டிருக்கா பாரு" என்றார் சீஃப். கருவியைக் கீழே வைத்துவிட்டிருந்தார். அவர் கருவியைக் கையிலிருந்து இறக்கி வைப்பது அபூர்வம்.

மேசைக்கடியில் தவழ்ந்து போனேன். டார்ச் வெளிச்சத்தில் மாமாவின் இடது பாதம். குதிகால் வெடிப்பில் ஆண்டுக்கணக்கான கிரீஸ் கறுப்பாகத் தங்கியிருந்தது. அத்தை எவ்வளவு தேய்த்தும் போகாதது. ஊசி போட்ட இடத்தில்தான் இருந்தது. பிளாஸ்திரிகூட விலகவில்லை.

அப்படியானால் தண்டுவடம்தான்.

திரும்பும்போது போர்வை ஓரத்திலிருந்து என் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கழுவின தண்ணீர். சில்லென்று முதுகில் இறங்கியது. அடுத்த சொட்டும் அப்படியே.

"சிஸ்டர்!" கீழே இருந்தே கத்தினேன். "இந்த சலைன் சூட்டுப் பெட்டில எடுத்ததா?"

"பெட்டில தீர்ந்திருச்சு. கடைசி பாட்டில் அலமாரில இருந்து..." சிஸ்டரின் குரல் உள்ளே போயிற்று. "ஐயோ, ஏசிக்குக் கீழ இருந்தது."

திறந்து கிடக்கும் தண்டுவடத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது சிறிது நேரம் விறைத்துப் பேச்சை நிறுத்தும். சூடேறினால் திரும்பும். காயம்பட்டாலும் இதே மாதிரிதான் பேச்சை நிறுத்தும். அப்போது திரும்பாது. திரையில் இரண்டும் ஒரே நேர்கோடு.

"வெதுவெதுப்பா கொண்டா" என்றார் சீஃப். "யாரும் எதையும் தொடாதீங்க."

சிஸ்டர் ஓடினார். பாட்டிலைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சீஃப் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தட்டறேன்."

வலது கால் எழுந்தது, முன்பிருந்த உயரத்துக்கு. இடது இல்லை.

"இன்னும் கொண்டா" என்றார் சீஃப். "அழுத்தம்?"

"ஏத்திட்டேன்" என்றார் மயக்க மருத்துவர்.

"தட்டறேன்."

இல்லை.

வீட்டு வாசல்படி நினைவுக்கு வந்தது. சக்கர நாற்காலி ஏறாத படி. அத்தை தனியாகத் தூக்க முடியாது. அதற்கு மேல் யோசிக்காமல் பொத்தானில் விரலை வைத்தேன்.

"தட்டறேன்."

நேர்கோட்டில் ஒரு சுருக்கம். துணி கசங்கின மாதிரி. மறுபடி தட்டினேன். சுருக்கம் மேடாயிற்று.

"வருது சார். இடது. பாதி."

"பாதி போதுமா? இழுக்கவா?"

ஆமென்றால் அறையில் எல்லோரும் மூச்சு விடலாம். எனக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"போதாது சார். இருங்க."

இருந்தார். மூன்றாவது பாட்டிலும் காலியானபோது இடது கோடு ஏறக்குறைய பழைய உயரத்துக்கு வந்தது. சீஃப் ஒட்டியிருந்த துணுக்கை இழுக்கவில்லை. மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிப்புக்கும் தட்டினேன். கடைசித் துண்டு வந்தபோது கோடு கொஞ்சம் குட்டையாகி அப்படியே நின்றுவிட்டது.

"கோடு சொல்றது கோடு" என்றார் சீஃப், கையுறையைக் கழற்றியபடி. "ஆள் எழுந்து அசைச்சாத்தான் நெசம்."

மீட்பு அறையில் வாய்க்குழாயை எடுத்த பிறகு மாமா இருமினார். கண் திறக்கவில்லை. கால்மாட்டில் நின்றேன்.

"மாமா. வலது கட்டை விரலை அசைங்க."

அசைத்தார்.

"இடது."

ஒன்றுமில்லை. இடது பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். அது சூடாக இருந்தது.

"இடது, மாமா. பட்டனை அமுக்கியாச்சு. கீழ மணி அடிங்க."

கட்டை விரல் முதலில் தயங்கியது. பிறகு, கீல் இறுகிய கதவு மாதிரி மெல்லக் கீழே மடங்கியது. மறுபடி நிமிர்ந்தது.

சீஃப் தலையசைத்துவிட்டுப் போனார். நான் பாதத்தை விடவில்லை.

மாமாவின் புருவம் நெரிந்தது. நாக்கு இன்னும் தடித்திருந்தது. "மாப்பிள்ளை..."

"இங்கதான் இருக்கேன்."

"யாருய்யா அது, என் இடது காலைப் பிடிச்சு இந்த ஆட்டு ஆட்டறது?"

குனிந்து பார்த்தேன். என் கைகள்தான். நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.