ஸ்ட்ரெச்சர் நாணயம்

என் தம்பி ராணுவ மருத்துவப் பிரிவில் பதினேழு வருஷம் ஸ்ட்ரெச்சர் தூக்கினான். நான் அந்தப் பதினேழு வருஷமும், அதற்குப் பிறகும், படைவீரர்களைக் கௌரவித்து வெளியிடப்படும் வெள்ளி நாணயங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரில் போரைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவன் யார் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான்.

எனக்கும் படையில் சேர ஆசை இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். கண் பார்வை போதாது என்று என்னை ஐந்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வீம்பிலோ என்னவோ, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய், லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடையும் போட்டேன். கண் தெரியாதவரிடம்தான் ஊரே கண்ணைக் காட்டுகிறது என்று என் மனைவி கேலி செய்வாள்.

தம்பியைச் சேர்த்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும். எப்போதாவது, ஆற்றைக் கடந்த அந்த மழைக்காலத்தில் என்று மெல்ல ஆரம்பிப்பான். உடனே நான், அது மழைக்காலமே இல்லை, அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உங்கள் படை ஆற்றைத் தாண்டியது, நாணயத்தில் தேதியே பொறித்திருக்கிறது என்று குறுக்கே விழுவேன். அவன் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். ஆற்றில் இறங்கி நனைந்தவன் அவன், தேதி சொன்னவன் நான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

கடையின் பின்னறையில் ஒரு இரும்பு பீரோ. அதில் உயரம் குறைந்த இழுப்பறைகள், அவற்றில் கம்பளித் துணி, துணியில் குழி வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு நாணயம். ஒவ்வொன்றும் வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அதைத் திறக்க வேண்டுமென்றால் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வேன். முதல்தர வெள்ளி நாணயத்தின் பின்புலம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கும். வெறும் விரல் பட்டால் போச்சு. சில வாரங்களில் ரேகை பழுப்பேறி அப்படியே தங்கிவிடும். துடைத்தால் கீறல் விழும், துடைக்காவிட்டால் கறை. எங்கள் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஒருவர் நாணயத்துக்கு முன்னால் மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விடுவார். அவரைப் பார்த்து நாங்கள் யாரும் சிரித்ததில்லை.

தம்பி ஓய்வு பெற்று, ஒரு துணி ஆலையில் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாணயம் வந்தது. போர்க்கள மருத்துவப் பணியாளர்களுக்கென்று வெளியிட்ட முதல் நாணயம். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவே ஸ்ட்ரெச்சர். குறைந்த எண்ணிக்கைதான் அடித்திருந்தார்கள். அந்தப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அதுவும் நேரில் போய்ப் படை எண்ணைக் காட்டி வாங்க வேண்டும். என் போன்றவர்கள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

பழைய படையினர் கூடும் எந்த விழாவுக்கும் தம்பி போனதே கிடையாது. எனக்காகப் போ என்று ஒரு வாரம் நச்சரித்தேன். கடைசியில் பழைய கோட்டை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துப் போனான்.

மத்தியானம் நேராகக் கடைக்கு வந்தான். முகம் என்றைக்கும் இல்லாத மாதிரி இளகிக் கிடந்தது. பெட்டியை மேஜைமேல் வைத்தான். முத்திரை கிழிந்திருந்தது. பிளாஸ்டிக் கூடு திறந்து மூடப்பட்டிருந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பின்னால் நடப்பவனின் பக்கத்தில், பளபளப்பான இடத்தில், முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை.

தம்பி மேஜைமேல் குனிந்து நாணயத்தைச் சுட்டிக் காட்டினான்.

“இதுல ரெண்டு பேரும் ஒரே காலை எடுத்து வைக்கிறாங்க பாருங்கண்ணா. அது தப்பு. முன்னாடி போறவன் இடது கால் வச்சா, பின்னாடி இருக்கறவன் வலது கால் வைக்கணும். இல்லன்னா ஸ்ட்ரெச்சர் ஆடும். மேல படுத்திருக்கறவன் தாங்க மாட்டான்.” பின்னால் நடப்பவனைக் காட்டினான். “ஒரு நாள் நான் காலை மாத்தி வச்சுட்டேண்ணா. பின்னாடி நான்தான் பிடிச்சிருந்தேன். மேல இருந்த பையன்…”

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றேன். “இதை யாருடா திறக்கச் சொன்னது?”

அதோடு நான் விடவில்லை. முப்பது வருஷமாக என்னைப் பார்க்கிறாயே, கையுறை போடாமல் என்றைக்காவது தொட்டிருக்கிறேனா, உனக்குக் கிடைத்ததை இப்படி நாசமாக்கிவிட்டாயே என்று பொரிந்து தள்ளினேன். தப்புதான் அண்ணா என்றான். பஸ்ஸில் வரும்போது கையில் வைத்துப் பார்க்கத் தோன்றியதாம். அதற்கும் ஏதோ சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாணயசாலைக்கு ஒரு விதி உண்டு. குறையுள்ள நாணயத்தைப் பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பினால், அதை உருக்கிவிட்டு வேறு தருவார்கள். பெட்டியைத் திறந்தபோதே கறை இருந்தது என்று வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை நானே நிரப்பி, மறுநாள் கிடங்கில் போய் நீட்டினேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அவன். சரக்கு மூட்டைமேல் காகிதத்தை வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நாணயத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டான். அனுப்பினால்தானே புதிது வரும், அசடு மாதிரிப் பேசாதே என்றேன்.

ஐந்து வாரத்தில் புதிது வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் ஒரு புள்ளி இல்லை. வந்து பார் என்று போன் செய்தேன். நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டான். மறு வருஷம் அவன் கிடங்கிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அவன் மகள் கடைக்கு வந்தாள். கடை ஆளை இரண்டு டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் பின்னறைக்கு அழைத்துப்போய் அந்த நாணயத்தைக் காட்டினேன். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்காக அவள் வரவில்லை. வருஷத்தில் ஒரு நாள் அப்பா வேலைக்குப் போக மாட்டார், யாரோடும் பேச மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றாள். அந்த நாள் அடுத்த வாரம் வருகிறதாம். யாருடைய நாள் அது, அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால், அப்பாவுக்குப் பதில் தான் அன்றைக்கு ஒரு விளக்கு ஏற்றலாம் என்று நினைத்திருக்கிறாள்.

“உங்கப்பா உங்ககிட்ட சொன்னதில்லையாம்மா?” என்று கேட்டேன்.

“நாங்க கேக்கலை பெரியப்பா. நாணயம் வாங்கப் போனாரே, அன்னிக்குக் காலையில, இன்னிக்கு அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புனாரு. சாயந்திரம் வந்ததும் சொல்லிட்டீங்களான்னு அம்மா கேட்டாங்க. சொல்லிட்டேன், அண்ணன் பொறுமையா கேட்டுக்கிட்டாருன்னு சொன்னாரு. உங்ககிட்ட இறக்கி வச்சுட்டாரேன்னு நாங்களும் அதுக்கப்புறம் கிளறலை.”

எனக்குத் தெரிந்த போர்களிலிருந்து ஒரு கதையை அவளுக்குக் கட்டிச் சொல்லியிருக்கலாம். ஊர், தேதி, படை எண், எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவள் அப்பா எனக்காக ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தான்.

“ஆரம்பிச்சான்மா,” என்றேன். “ஒரு பையன்னு சொன்னான். நான்தான் பேச விடலை.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ அந்தப் பையன் யாருன்னு இனிமே யாருக்குமே தெரியாது,” என்றாள்.

டீ வந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.