சத்தம் கொடுக்கிற ஆள்

மரக்கிடங்கில் அவள் புருஷனுக்குப் பெயர் மைக்செட்டு. பத்துப் பேர் தூக்கும் தடிமரத்துக்கு அவர் ஒரு சத்தம் கொடுத்தால் பத்துத் தோளும் ஒன்றாக எழும். சத்தம் பிசகினால் ஒருவன் கால் போகும். அந்தத் தொண்டையை நம்பித்தான் அவள் அடுப்பு எரிந்தது.

குரல் கரகரத்தபோது, தூசி என்றார். மூச்சு திணறிய பிறகுதான் அவள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். தொண்டையில் புற்று.

"முதல்ல கரண்ட் வைப்போம்," என்றார் டாக்டரம்மா. "கட்டி சுருங்கும். சுருங்கினதும் ஆபரேஷன். குரல்ல பாதியாவது மிச்சம் வைக்கப் பாக்குறேன். ஆனா தள்ளிப்போடக் கூடாது. கரண்ட் வெச்ச சதை போகப் போக இறுகிடும். அப்புறம் வெட்டினா லேசுல ஒட்டாது."

கதிர்வீச்சில் கழுத்து கறுத்துத் தோல் உரிந்தது. எச்சில் விழுங்கவே அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. எல்லாம் ஆறி வந்த ஒரு காலையில், "ஏய், தண்ணி கொண்டா," என்றார். கணீரென்று வந்தது. அவள் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"எதையாவது. திட்டவாவது செய்யுங்க."

"மூதேவி," என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கிய மரம் அசைந்துவிட்டால் கடப்பாரையை எடுத்துவிடுவார்கள். மேலும் நெம்பினால் மரம் பிளந்துவிடும். தன் தொண்டைக்கும் அவர் அதே கணக்கைப் போட்டார்.

"அதான் அசைஞ்சுடுச்சே. இனி கத்தி எதுக்கு?"

ஆபரேஷன் நாளன்று கிடங்கில் நின்று சத்தம் கொடுத்தார். அவள் தடுக்கவில்லை. அவளுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் குரல் மறுபடி அடைத்தது, கூடவே மூச்சும். டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இனி பாதிங்கிற பேச்சே இல்லம்மா. குரல்வளையை முழுசா எடுக்கணும்."

எடுத்தார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஓட்டை, ஆகாரத்துக்கு மூக்கில் குழாய். தையல் போட்ட இடம் ஒட்டவே இல்லை. விழுங்கிய எச்சில் கழுத்து வழியாக ஒழுகியது. அவள் துணி மாற்றிக்கொண்டே இருந்தாள்.

புண்ணைக் கழுவி அவரைத் தள்ளுவண்டியில் வார்டுக்குக் கொண்டுவந்த ஒரு நாள், கிடங்கு ஆட்கள் நாலு பேர் பார்க்க வந்திருந்தார்கள்.

"என்ன மைக்செட்டு, ஓசிக் கட்டில் சுகமா இருக்கா?" என்றான் ஒருவன். வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வந்த வார்டு ஆளை விலக்கினான். "தள்ளுப்பா, தூக்குறது எங்க வேலை."

விரிப்பின் மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, முழங்கால் மடக்கி நின்றார்கள். தூக்கவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை வருஷப் பழக்கம்.

அவருக்கும் அதே பழக்கம். வாய் திறந்தது. வயிறு எக்கியது. கழுத்து ஓட்டையில் புஸ்ஸென்று காற்று வந்தது, கட்டுத்துணி நனைந்தது.

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். பிடித்த கையை மட்டும் யாரும் விடவில்லை.

கால்மாட்டில் நின்ற அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தூக்கு," என்றாள். பாதியில் குரல் உடைந்தது. ஒருவன் முந்திவிட்டான்; விரிப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டென்று இறக்கினார்கள்.

அவர் அவளைப் பார்த்து முகம் சுளித்தார். கையை மேலே ஆட்டினார். இன்னும் சத்தமாக.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நாலு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள்.